பட்டியலில் விடுபட்ட விதவைகள்

இலங்கையின் ஊவா மாகாணத்து அப்புத்தளை, வீட்டுக் கூரையின் முகட்டில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஓர் ஊர். கடைவீதியின் ஒரு முனையில் நின்றால் தெற்கே தரை ஒரேயடியாக இறங்கி, வெயிலில் வெளிறிக் கிடக்கும் தாழ்நிலம் வரைக்கும் பார்வை போகிறது. மறுமுனையில் ஊவாவின் மலைகள், மடிப்பு மடிப்பாகத் தேயிலை. மதியம் தாண்டியதும் தெற்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து, கடைகளுக்குள் புகுந்து, காய்கறிக் கூடைகளை நனைத்துவிட்டு வடக்கே இறங்கிப் போகிறது. பஸ் நிலையச் சுவரில் ஒரு சுவரொட்டி. ஆதித் திருச்சபையின் வல்லமை இந்த ஊரில் மீண்டும் இறங்கப் போகிறதாம். உபவாசக் கூட்டம், நோயாளிகளை அழைத்து வரவும். பக்கத்திலேயே அதே அளவில் லொத்தர்ச் சீட்டு விளம்பரம்.

ஆதித் திருச்சபை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது பெந்தெகொஸ்தே நாளின் அக்கினி நாவுகளும், பேதுருவின் நிழல் பட்டாலே போதும் என்று வீதியில் கிடத்தப்பட்ட நோயாளிகளும்தான். அதே அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரத்தில் ஒரு சாப்பாட்டுத் தகராறு வருகிறது. அதற்கு யாரும் சுவரொட்டி அடிப்பதில்லை. எனக்கோ, அந்த நூலிலேயே நம் காலத்துக்கு அதிகம் பேசுகிற பகுதி அதுதான் என்று வெகுநாளாக எண்ணம்.

கி.பி. 30-களில் எருசலேமில் நடந்தது. விசுவாசிகள் நிலத்தை விற்று, வீட்டை விற்று, பொதுவில் வைத்து உண்டுகொண்டிருந்தார்கள். விதவைகளுக்கு நாள்தோறும் உணவு பங்கிடப்பட்டது. சபையில் இரண்டு கூட்டம்: உள்ளூரில் பிறந்து அரமேயம் பேசியவர்கள் ஒரு பக்கம், வெளிநாடுகளில் வாழ்ந்து கிரேக்க மொழியோடு வந்து சேர்ந்த யூதர்கள் மறுபக்கம். பந்தியில் கிரேக்கம் பேசிய விதவைகள் மட்டும் விடுபட்டுப் போனார்கள். முணுமுணுப்பு கிளம்பியது. ‘கிறிஸ்துவுக்குள் நாமெல்லாம் ஒன்று, இதில் மொழி என்ன மொழி’ என்று அப்போஸ்தலர்கள் வாயை அடைத்திருக்கலாம். இன்றைக்கு எந்த ஆயர் மன்றமும் முதலில் அதைத்தான் செய்யும். அவர்கள் சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள், பந்தி விசாரணை முழுக்க அவர்கள் கையில் இருக்கட்டும் என்றார்கள். தேர்வான பெயர்களைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். கடைசி ஆள் பிறப்பால் யூதர்கூட இல்லை. குறை சொன்ன தரப்பிடமே எல்லாருக்குமான சோற்றுப் பானையின் அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள். மொழிச் சிறுபான்மையின் முறையீட்டுக்கு ஒரு பெரும்பான்மை இப்படிப் பதில் சொன்னதை இந்தத் தீவின் அரசியல் வரலாற்றில் நான் படித்ததில்லை.

ஊருக்குச் சற்று வெளியே புனித அந்திரேயா ஆலயம். 1869-இல் எழுந்த சிறிய கோவில். முற்றத்தில் துரைமார்களும், அவர்கள் மனைவிமார்களும், காய்ச்சலில் போன கைக்குழந்தைகளும் படுத்திருக்கிறார்கள். இலங்கையைப் பற்றி உருகி உருகி ஆங்கிலக் கவிதை எழுதிய டபிள்யூ. எஸ். சீனியர் பாதிரியாரின் நினைவுக் கல்லும் இங்கேதான். பாசி படர்ந்தாலும் எழுத்துகளை வாசிக்க முடிகிறது. அதே 1869-இல்தான் இதே ஊவாவின் மடுல்சீமையில் காப்பி இலையின் அடியில் அந்த மஞ்சள் பூஞ்சை முதன்முதலாகக் கண்ணில் பட்டது. இருபது வருடத்துக்குள் இலங்கைக் காப்பி செத்து, மலையெல்லாம் தேயிலை ஆனது. காப்பிக் காலத்தில் வந்து இறந்த தமிழர்களின் கல்லறை எங்கே என்று கேட்டால் கைகள் பொதுவாகச் சரிவைக் காட்டுகின்றன. மரச் சிலுவை நட்டார்கள், மக்கிப் போயிற்று, பிறகு அங்கேயும் தேயிலை வைத்துவிட்டார்கள் என்கிறார்கள்.

இந்தக் கதையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. நான் திருநெல்வேலிக்காரன். 1854-இல் இலங்கைத் தோட்டத் துரைமார்களில் சிலர் சர்ச் மிஷனரி சங்கத்தாரிடம் ஒரு யோசனை வைத்தார்கள். கூலிகளுக்குச் சுவிசேஷம் சொல்ல அவர்கள் மொழி பேசும் ஆட்கள் வேண்டும். துரைமார் குழு பணம் திரட்டி உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுக்கும். ஆட்களைத் திருநெல்வேலி அனுப்பட்டும். சாத்தான்குளத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்த செப்டிமஸ் ஹாப்ஸ் அதை நடத்த அக்கரைக்கு வந்தார். ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவர்களுக்கு அதில் எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை. வெகுகாலம் கழித்தே ‘தமிழ்த் திருச்சபை மிஷன்’ ஆயிற்று.

துரைமார்களில் பக்திமான்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. குடிக்காத, தோட்டத்தை விட்டு ஓடாத ஆள் கிடைத்தால் நல்லது என்று கணக்குப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அமைப்பிலேயே ஒரு கோணல் இருந்தது. அறுவடை செய்தவனின் கூலியைப் பிடித்து வைத்த நிலச்சொந்தக்காரனைப் பார்த்து யாக்கோபு தன் நிருபத்தில் எழுதியிருப்பதை, துரையின் பணத்தில் சம்பளம் வாங்கும் உபதேசியார், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்துப் பக்கம் நின்று எப்படி வாசிப்பார்? காப்பிக் காலத்தில் மாதக்கணக்கில் கூலி பாக்கி விழுவது சர்வசாதாரணம். எருசலேம், கொரிந்து, ரோம் சபைகளில் அடிமைகள் இருந்தார்கள். அந்த அடிமைகளின் எஜமானர்கள் ஒன்று சேர்ந்து சம்பளம் கொடுத்து அப்போஸ்தலர்களை வைத்திருக்கவில்லை. பவுல் கூடாரம் தைத்துச் சாப்பிட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யார் சோற்றைத் தின்கிறோமோ அவர் முன் வாய் திறக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனாலும் அந்த உபதேசியார்களை எழுத்தில் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. தேரிமணலில் நடந்த கால்கள் அட்டை கடிக்கும் மலையில் தோட்டம் தோட்டமாக நடந்தன. இரவில் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து முன்திண்ணையில், இஸ்தோப்பில், விளக்கேற்றி ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் மூட்டையில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றும் வந்திருக்கிறது. தம்பேத்தன்னைப் பக்கம், லிப்டன் 1890-இல் வாங்கிய மலைகளை ஒட்டிய ஒரு தோட்டத்தில், ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வீட்டுக்குப் போனபோது அதைப் பார்த்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, காம்பரா என்பார்கள். பின்னால் சமையல் மூலை. அடுப்பு மேட்டில் ஒரு பழைய பால்மா டின், மூடியில் துளை. அந்த வீட்டு அக்கா உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைப் பானையில் இட்டார். பிடியரிசி! எங்கள் அம்மா செய்ததும் அதேதான்.

“ஞாயித்துக்கிழமை எல்லா டின்னும் கோயிலுக்கு வரும்ங்க. ஒரே சாக்குல கொட்டிருவோம். யாரு டின்னுல எவ்வளவுன்னு ஒருத்தருக்கும் தெரியாது” என்றார் உபதேசியார். “வேல இல்லாம நிக்கிற வீட்டுக்கு அது போயிரும்.”

அவருடைய தாத்தா நாசரேத்துப் பக்கம் என்று கேள்வியாம். “நான் பாத்ததில்லீங்க. நீங்க சொன்னாத்தான் தெரியும்.” நான் சொன்னேன். பனையைப் பற்றி, கோவிலைப் பற்றி, சாதிக்கு ஒரு பக்கம் உட்கார்ந்த காலத்தைப் பற்றியும். அவர் தலையாட்டினார். இங்கேயும் லயங்களைக் கங்காணிமார் சாதி பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்தார்கள், கோவிலுக்குள் வந்த பிறகும் நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது என்பதில் சிக்கல் வந்தது என்றார். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முன்கூட்டி வந்து தின்று தீர்த்துவிட, வேலை முடிந்து பிந்தி வந்த ஏழைகள் பசியோடு நின்றதைப் பவுல் கடிந்துகொண்டது இருவருக்கும் நினைவு வந்தது. ஆதித் திருச்சபையைத் தங்க விக்கிரகமாக்கிக் கும்பிடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. அங்கே சண்டை இருந்தது, பட்சபாதம் இருந்தது, நிலம் விற்ற காசில் ஒளித்து வைத்த அனனியா இருந்தான். வித்தியாசம், அவர்கள் அதை எழுதி வைத்தார்கள் என்பதுதான்.

உபதேசியாரின் சிறுவயதில் ஞாயிறு ஆராதனை கருக்கிருட்டில் நடந்த காலம் ஒன்று உண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறு இல்லை. நிலவின் கலையைப் பார்த்து வரும் போயா நாட்கள்தான் விடுமுறை. ஞாயிறு சாதாரண வேலைநாள். பெரட்டுக்கு முன்னால் ஜெபம் முடிந்தாக வேண்டும். லாந்தர் வெளிச்சத்தில் ஒரு பாட்டு, ஒரு வாசிப்பு, ஆசீர்வாதம், உடனே கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு.

கி.பி. 112 வாக்கில் பித்தினியாவை ஆண்ட பிளினி, பேரரசன் டிராஜானுக்கு எழுதிய கடிதத்தில் இதே காட்சி வருகிறது. கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் பொழுது விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், நம்பி ஒப்படைத்ததை மறுக்க மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்து போய்ப் பிறகு சாதாரணமான ஓர் உணவுக்காக மறுபடி கூடுகிறார்கள். கூடுதல் விவரம் வேண்டி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்று பிளினி அலுங்காமல் எழுதுகிறான். அந்தப் பெண்கள் சபையில் ஊழியக்காரிகள் என்ற பட்டம் உடையவர்கள். கான்ஸ்டன்டைன் 321-இல் சட்டம் போடும்வரை ஞாயிற்றுக்கிழமை உலகில் யாருக்கும் ஓய்வுநாள் இல்லை. மூன்று நூற்றாண்டு சபை வளர்ந்தது வேலைக்குப் போகுமுன் கிடைத்த அரைமணியில். ஞாயிறு காலை பத்து மணிக்குக் காருக்கு நிறுத்த இடம் இல்லை என்று வருந்துகிற எங்கள் பாளையங்கோட்டைச் சபையாரை நினைத்துக்கொண்டேன்.

அதிசாமுக்கும் போனேன். எல்லாரும் போகிற இடம். சர் தாமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டிய கல்மாளிகை. 1960-களில் பெனடிக்டின் துறவிகளின் மடமாயிற்று. துறவிகள் செய்யும் ஜாம் வாங்க நீண்ட வரிசை. நல்ல ஜாம்தான்.

அங்கிருந்து தெற்கே கொஸ்லந்தைக்கு இறங்கும் சாலையில் தேயிலையின் பச்சை நடுவே ஒரு மலைப்பக்கம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கிறது. மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29, காலை. மழையில் ஊறிய மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வீட்டில் இருந்தவர்களும் இல்லை. இது ஆபத்தான இடம், ஆட்களை மாற்றுங்கள் என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மாற்றிப் போக இவர்களுக்கு என்று ஒரு துண்டு நிலம் இருந்தால் அல்லவா? 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மிஞ்சியிருந்த நாடற்றவர்கள் குடிமக்களாக 2003-இன் சட்டம் வரை காத்திருந்தார்கள். ஒரே சபையின் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். அங்கே அவர்களுக்குச் ‘சிலோன்காரர்’ என்று பெயர். இங்கே இருந்தவரை ‘இந்தியாக்காரர்’.

புதிய ஏற்பாட்டில் பேதுருவின் முதல் நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்று சிதறிக் கிடந்த பரதேசிகளுக்கு. பிளினி அந்த இரு பெண்களை விசாரித்த அதே பித்தினியா. பிரசங்கிகள் இந்தப் பரதேசி வாழ்வை ஆவிக்குரிய உவமையாக்கி, ‘நமக்கு இங்கே ஊரில்லை, பரலோகமே சொந்தம்’ என்று முடிப்பது வழக்கம். அந்தப் பிரசங்கத்தை நானும் ஏராளமாகக் கேட்டிருக்கிறேன். மீரியபெத்தைச் சரிவின் அடியில் நின்று யாராவது அதைச் சொல்லிப் பார்க்கட்டும். ஊரில்லாதவன் என்பது இங்கே காகிதத்தில் கையெழுத்திட்டுச் செய்யப்பட்ட காரியம். நிருபம் எழுதியவர் பரதேசிகளுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி விட்டுவிடவில்லை. நீங்கள் ஒரு வீடு, கல்லோடு கல்லாகக் கட்டப்படுகிறீர்கள் என்றார். சொன்னதோடு நிற்காமல், முணுமுணுக்காமல் ஒருவரையொருவர் வீட்டில் ஏற்றுத் தங்க வையுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். மீரியபெத்தையில் உயிர் தப்பியவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களிலும் பிறகு மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஸ்டோரிலும் தங்கியிருந்து, இரண்டு வருடம் கழித்துத்தான் புது வீடுகளுக்குப் போனார்கள்.

பண்டாரவளைக்கு நான் வந்தது ஒரு பிஷப்பின் பொருட்டு. 1972 டிசம்பரில், கண்டி மறைமாவட்டத்திலிருந்து ஊவா பிரிந்து பதுளை மறைமாவட்டம் ஆனது. கண்டியின் ஆயர் லியோ நாணயக்கார, பெனடிக்டின் சபைத் துறவி, 1959 முதல் அங்கே இருந்தவர். கண்டியில் பெரிய கல்லூரிகள், பழைய நிறுவனங்கள், வருமானம், செல்வாக்கு. பதுளையில் எதுவும் கிடையாது. சிறிய எண்ணிக்கையில் கத்தோலிக்கர், பெரும்பகுதி தோட்டத் தமிழர், குடியுரிமை இல்லாதவர்கள். புது இடத்துக்கு இளையவர் ஒருவரை அனுப்புவதுதான் உலக வழக்கம். லியோ ஆண்டகை கண்டியை விட்டுவிட்டு, நானே போகிறேன் என்று பதுளைக்கு வந்தார். 1973, 74-இல் தோட்டங்களில் பஞ்சம். ரேசன் மாவு குறைந்து, ஆட்கள் கிழங்கு தேடி அலைந்து, செத்தும் போனார்கள். ஆயர் வந்து சேர்ந்த நேரம் அது.

பண்டாரவளையில் அவர் தொடங்கிய குருமடத்துக்குச் சேவக செவண என்று பெயர். சுவருக்குள் உட்கார்ந்து இறையியல் படித்துக் குருவாவது போதாது என்பது அவர் முடிவு. மாணவர்கள் ஆண்டின் ஒரு பகுதியை லயங்களிலும் சிங்களக் கிராமங்களிலும் தங்கிக் கழித்தார்கள். தமிழரும் சிங்களவரும் சேர்ந்தே படித்தார்கள். ரோமில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, கொழும்பில் பலருக்குப் பிடிக்கவில்லை. 1982-இல் ஆயர் இறந்தார். அங்கே கற்பித்தவர்களில் மைக்கல் ரொட்ரிகோ ஒருவர், அமலமரித் தியாகிகள் சபைக் குரு, ரோமிலும் பாரிசிலும் படித்து இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்றவர். 1980-இல் ஊவாவின் தாழ்நிலமான புத்தளைக்குப் பக்கம் அலுகலவிட்ட என்ற பௌத்தக் கிராமத்தில் போய்க் குடிசை போட்டு உட்கார்ந்தார். யாரையும் மதம் மாற்றுவதில்லை என்பது முதல் விதி. விவசாயிகளோடு விதை, மூலிகை, கூலி, நிலம் என்று பேசிக்கொண்டிருந்தார். 1987 நவம்பர் 10, மாலைத் திருப்பலியின்போது அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த இருவரையும் பற்றிப் பேச்செடுத்தபோது ஒரு நடுவயதுக் குரு, “அவங்க காலம் வேற, ஐயா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப நாங்க ரிப்போட் எழுதுறோம்” என்று சிரித்தார். நல்ல மனிதர்.

தெமோதரையில் தண்டவாளம் சுற்றி வந்து தன் அடியிலேயே நுழைகிறது. அதைப் படமெடுக்கும் கூட்டத்தைத் தாண்டி ஹாலிஎல, பிறகு பதுளை. 1924-இல் வந்த ரயில்பாதை இங்கே முடிந்துவிடுகிறது. நாலாபுறமும் மலை; நமுனுகுலை மேகத்துக்குள். முத்தியங்கன விகாரை, கதிரேசன் கோவில், பள்ளிவாசல், பேராலயம் எல்லாம் நடந்து போகிற தூரம். சந்தைத் திருப்பத்தில் கொழுந்துப் பை விற்கிற கடைக்காரர் என்னிடம் தமிழிலும் அடுத்த ஆளிடம் சிங்களத்திலும் ஒரே மூச்சில் விலை சொன்னார்.

நகர நடுவில் புனித மாற்கு ஆலயம். 1857-இல் கொழும்பின் முதல் ஆங்கிலிக்கன் ஆயர் ஜேம்ஸ் சாப்மன் பிரதிஷ்டை செய்தது. உள்ளே ஒரு கல்வெட்டு, மேஜர் தாமஸ் ரோஜர்ஸ் நினைவாக எல்லா வகுப்பு நண்பர்களும் கூடிக் கட்டியது என்கிறது. ரோஜர்ஸ் பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, சாலை போட்டவர், 1,400-க்கும் மேல் யானைகளைச் சுட்டவர். 1845 ஜூன் 7 அன்று அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். யானைகளின் சாபம் என்று உள்ளூரார் சொல்வது நியாயமாகத்தான் படுகிறது. 1818-இல் ஊவா எழுச்சியை அடக்கிய வெள்ளைக்காரப் படை வயலையும் குளத்தையும் வீட்டையும் அழித்த பூமி இது. அதற்கு நாற்பது வருடத்துக்குள் ஒரு அதிகாரியின் பேரில் தேவாலயம். முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவன் ஒருவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தினால் கல்வெட்டைப் படித்துவிட்டு, இது எந்த ஆளுநரின் கோவில் என்று கேட்பான்.

அவனுக்குத் தெரிந்த கோவில் வேறு. சிரியாவின் துரா யூரோப்பஸில் 1930-களில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்ததே அது: கி.பி. 240-ஐ ஒட்டிச் சபையாகத் திருத்தப்பட்ட சாதாரண வீடு. நடுச்சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்கியிருக்கிறார்கள். எழுபது பேர் நெருக்கி உட்காரலாம். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். பசறைச் சாலைத் தோட்டங்களில் இப்போது அதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு காம்பராவின் நடுச்சுவரை எடுத்து, நீலச் சாயம் பூசி, பிளாஸ்டிக் நாற்காலி போட்ட ஜெபவீடுகள், தோட்டப் பிரிவான டிவிசனுக்கு ஒன்றிரண்டு. பழைய சபைகளின் குருக்கள் இவற்றை முகம் சுளித்துப் பேசுகிறார்கள். வடிவத்தில் இவைதான் ஆதித் திருச்சபை என்று எனக்குப் படுகிறது. சந்தேகம் வருவது காணிக்கை விஷயத்தில். ரோமில் கி.பி. 155 வாக்கில் ஜஸ்டின் எழுதியபடி, ஞாயிற்றுக் காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், வழிப்போக்கர்கள் என்று கீழ்நோக்கி ஓடியது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன், எங்கள் உண்டியல் விருந்துக்கல்ல, ஏழையைப் புதைக்கவும் கிழட்டு அடிமையைக் காக்கவும் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவனுக்கு உதவவும்தான் என்று பெருமை பேசினான். 251-இல் ரோமாபுரிச் சபையின் பந்தியில் 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளும் ஏழைகளும். நான் பார்த்த ஜெபவீடுகளில் சிலவற்றில் தசமபாகம் பதுளைக்கும், பதுளையிலிருந்து கொழும்புக்கும் மேல்நோக்கிப் போகிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராடிய கைகளின் காசு அது.

தெர்த்துல்லியனின் உண்டியலைத் தோட்டங்களில் தேடினால் மரண சகாய நிதியில் இருக்கிறது. சாதி மதம் இல்லாமல் மாதத்துக்கு இவ்வளவு என்று போட்டு, சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் எடுப்பது. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்துச் சபையில் இந்தக் கணக்கும் கோவில் கணக்கும் ஒரே நீள நோட்டில் முன்பக்கமும் பின்பக்கமுமாக இருந்தன.

அன்று ஞாயிறு, சபை விருந்தான அசனம். அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் பக்கம் ஆடு வெட்டுவார்கள். இங்கே சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சவ்வரிசிப் பாயாசம். பக்கத்து லயத்து இந்துக்களும் வந்து அதே வரிசையில் உட்கார்வதால் சைவம். முதல் பந்தி பிள்ளைகள். சாப்பிட்ட பிறகு இலையோடு இலையாக ஒரு காகிதமும் சுற்றிக்கொண்டு வந்தது. காற்றில் கூரை போன வீடுகளுக்கு மேலிடத்திலிருந்து தகரம் வந்திருக்கிறது: 96 தகடு, 12 வீட்டுக்கு எட்டெட்டாக. கோவில் செயலாளர் பட்டியல் எழுதியிருந்தார். பன்னிரண்டும் மேல் டிவிசன்.

கீழ் டிவிசன் அக்கா ஒருவர் பாத்திரம் கழுவிய கையோடு வந்து நின்றார். “எங்க பக்கம் நாலு வீடு வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. ஒரு பேரையும் காணோம்.”

“அதுல ஒண்ணு சிங்களப் பாட்டி வீடு” என்றார் செயலாளர். “அவங்களுக்கு பன்சலையில, புத்த கோயில்ல, குடுப்பாங்க தானே?”

அந்தப் பாட்டியை ஆராதனையில் பார்த்திருந்தேன். பின் பெஞ்சு, வெள்ளைச் சட்டை, சிங்களப் பாட்டுப் புத்தகம். தமிழ்க் கணவர் இறந்து வெகுகாலமாகிவிட்டதாம். ஊவாவில் எல்லாக் கணக்கிலும் விடுபட்டுப் போன ஜனம், தன் கோவில் பட்டியலில் ஒருத்தியை விட்டிருந்தது. யாரும் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை, சத்தம்தான் கூடிற்று. “பன்சலையில அவங்க பேரு தமிழன் பொஞ்சாதி” என்று ஒரு வாலிபன் கத்தினான். அந்தச் சபையின் உபதேசியார், அப்படியானால் பட்டியலைக் கீழ் டிவிசன் ஆட்களே திருப்பி எழுதட்டும் என்றார். “எனக்கு எழுத வராது ஐயா, எம்மக எழுதுவா” என்று அக்கா மகளை முன்னே தள்ளினார். உயர்தரம் படிக்கிற பெண். பேனாவை வாங்கி, கீழ் டிவிசனின் நாலு பேரை மேலே எழுதி, பிறகு பன்னிரண்டையும் எழுதினாள். செயலாளர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார்.

பதினாறு வீடு என்றால் வீட்டுக்கு ஆறு தகடு. ஆறு தகட்டில் காம்பரா மூடுமா, இஸ்தோப்பு மூடுமா? இரண்டும் மூடாது என்று மேல் டிவிசன்காரர் ஒருவர் எழுந்தார், ஏழாவது வேண்டுமாம். ஏழு வைத்தால் பதிமூன்று வீட்டுக்குத்தான் வரும் என்று பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். அப்படியானால் யாரை எடுப்பது என்று மறுபடி தொடங்கியது. இஸ்தோப்பைப் பழைய தகரத்தால் மூடிக்கொள்ளலாம், எங்கள் வீட்டில் மூன்று கிடக்கிறது என்று தப்படிக்கிற இந்துத் தாத்தா ஒருவர் பந்திப் பாயில் உட்கார்ந்தபடியே சொன்னார். அதையும் பட்டியலின் அடியில் எழுதச் சொன்னார்கள். வெளியே போன செயலாளரைக் கூப்பிட்டு வர ஒரு பையனை அனுப்பிவிட்டு, ஆறா ஏழா என்று திரும்பவும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்.